பிரேக் ரீகால் வந்த டிரெய்லரை மலைக்கு ஏற்றாதீர்கள்

பொக்லைன் ஏற்றும் லோ-பெட் டிரெய்லரில் பிரேக் கோளாறு என்று கம்பெனி ரீகால் (வண்டியைக் கொண்டுவாருங்கள், பாகத்தை மாற்றித் தருகிறோம் என்று கூப்பிடுவது) அறிவித்தாலும், "கீழே நல்லாத்தானே நிக்குது, அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். நீலகிரிக்கு வரும் வண்டியில் அந்தப் பேச்சுக்கே இடம் கிடையாது.

குன்னூர் சுமார் 1850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 சொச்சம். நடுவில் 14 கொண்டை ஊசி வளைவு. 20 டன் பொக்லைனோடு இறங்கும்போது சக்கரத்தின் பிரேக் டிரம் சூடேறி விரியும். பிரேக் லைனர் அதைத் தொட, சேம்பரிலிருந்து (காற்றழுத்தம் நிரம்பும் டப்பா) தள்ளப்படும் கம்பியான புஷ்ராடு இன்னும் வெளியே வர வேண்டும். டைப் 30 என்ற அளவுள்ள சாதாரண சேம்பரில் ராடு 2 அங்குலம் வரைதான் வெளிவரலாம், அதுதான் எல்லை; ராடின் மொத்த ஓட்டமே இரண்டரை. டிரம் குளிர்ந்து கிடக்கும்போதே 2 காட்டும் சக்கரம், இறங்கும் வழியிலுள்ள பர்லியாறு வருவதற்குள் முட்டிப்போய் நிற்கும். மீட்டரில் காற்று நிறைய இருக்கும், சக்கரத்தில் பிடி இருக்காது. டிரெய்லர் முன்வண்டியைத் தள்ளும், வளைவில் இரண்டும் மடங்கும்.

அளந்து பார்ப்பது சுலபம். சக்கரத்துக்குக் கட்டை போட்டு, ஏர் டேங்கில் காற்றை 6 முதல் 7 பார் அழுத்தம் வரை ஏற்றி, பார்க்கிங் பிரேக்கை விடுங்கள். ராடு வெளிவரும் இடத்தில் சாக்பீஸ் கோடு. ஒருவர் பிரேக்கை முழுசாக மிதிக்க, கோடு எவ்வளவு நகர்கிறது என்று அளக்க வேண்டும். எல்லாச் சக்கரத்திலும். ஆட்டோ ஸ்லாக் அட்ஜஸ்டர் (லைனர் தேயத் தேய ராடின் ஓட்டத்தைத் தானே சரிசெய்யும் பாகம்) என்றால் கூடுதல் கவனம்: எல்லை தாண்டியிருந்தால் ஸ்பேனர் போட்டு இறுக்கிவிட்டுக் கிளம்பாதீர்கள். அட்ஜஸ்டரோ, லைனரை விரிக்கும் எஸ்-கேம் தண்டின் புஷ்ஷோ போயிருக்கிறது என்று அர்த்தம்; இறுக்கினால் கோளாறு சில நாள் ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான்.

இன்ஜினை அணைத்து பிரேக்கை மிதித்தபடி ஒரு நிமிடம் இருங்கள். காற்றழுத்தம் 4 பிஎஸ்ஐக்கு (சுமார் 0.3 பார்) மேல் இறங்கினால் எங்கோ லீக். ஊட்டியில் உறைபனி விழும் மாதங்களில் ஏர் டேங்கில் தண்ணீர் நின்றால் வால்வுக்குள் உறைந்துபோகும், தினமும் வடித்துவிடுங்கள்.

இதெல்லாம் ரீகால் வேலைக்கு மாற்று ஆகாது. வால்வு வார்ப்பிலோ சேம்பர் ஸ்பிரிங்கிலோ குறை இருந்தால் சாக்பீஸ் காட்டிக்கொடுக்காது. பாகத்தை மாற்றியே ஆக வேண்டும்.

"டிரெய்லருக்கு ஏதுங்க ரீகால்" என்பவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டத்தில் 'மோட்டார் வாகனம்' என்பதற்குள் டிரெய்லரும் அடக்கம். 2019 திருத்தத்தில் வந்த 110ஏ பிரிவு, குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறும்படி தயாரிப்பாளருக்கு உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. 2021 ஏப்ரல் 1 முதல் விதிகளும் நடைமுறையில் உள்ளன.

என் வருத்தம் அந்த விதியிலுள்ள 7 ஆண்டு வரம்பு மீதுதான்; அதைவிட வயதான வண்டிக்கு விதி பொருந்தாது. மலைக்கு வரும் டிரெய்லர்களில் நிறைய வண்டி கைமாறி வந்தவை, வயதானவை. அமெரிக்காவில் முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டு வரை ரீகால் வேலை இலவசம். இங்கே பிரேக் விஷயத்துக்காவது அந்த வரம்பை நீட்டியே ஆக வேண்டும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களே, கம்பெனி கடிதம் பழைய ஓனர் வீட்டுக்கே போய்விடலாம். சேஸ் நம்பரையும் ஆக்சில் பிளேட்டில் உள்ள நம்பரையும் போட்டோ எடுத்து, டிரெய்லர் கம்பெனி, ஆக்சில் கம்பெனி இரண்டிடமும் நீங்களே கேளுங்கள். வேலை முடிந்ததும் மாற்றிய பாகத்தின் நம்பர் போட்ட ரசீதை வாங்கி ஆர்சி புக்கோடு வையுங்கள். நாளைக்கு உங்களிடமிருந்து வாங்குபவர் கேட்கப்போவது அதைத்தான்.