களஞ்சியத்தைக் கன்னிமாடம் என்பதா?

ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் உள்ள, ஸ்பெயினுக்குச் சொந்தமான கனாரித் தீவுகளில் ஒன்றான கிரான் கனாரியாவின் வடபகுதியில், செங்குத்தான மலைச்சரிவில், பெரியதொரு பசால்ட் (கடினமான எரிமலைப் பாறை) வளைவின் நிழலில் 300-க்கும் மேற்பட்ட குழிகள் அடுக்கடுக்காகக் குடையப்பட்டிருக்கின்றன. அந்த இடத்தின் பெயர் 'செனோபியோ தே வலெரோன்'. செனோபியோ என்றால் துறவியர் மடம். உயர்குடிப் பெண்களைத் திருமணம் வரை காத்து வைத்த கன்னிமாடம் இது என்று பிற்காலத்தில் ஒரு கதை பரவியது. அந்தக் கதையே பெயராகவும் நிலைத்துவிட்டது.

எனக்கு இந்தப் பெயர் மீது தீராத வருத்தம் உண்டு. குழிகள் பலவற்றில் ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கவும் இடமில்லை. அவற்றின் வாய் விளிம்பிலோ, மூடியைப் பொருத்துவதற்காகச் செதுக்கிய பள்ளம் இன்னும் தெரிகிறது. இது ஊர் கூடித் தானியம் சேர்த்து வைத்த களஞ்சியம். வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து குடியேறிய பெர்பர் வழியினரான இத்தீவின் பழங்குடி மக்களிடம் உலோகக் கருவி கிடையாது. எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மென்பாறையைக் கல்லாலேயே குடைந்தார்கள். அந்தப் பாறை வெயிலின் சூட்டை எளிதில் உள்ளே விடாது, மேலே இருக்கும் வளைவு மழையைத் தடுக்கும், சரிவின் செங்குத்து திருடனைத் தடுக்கும். இத்தனையும் கணித்து இடம் தேர்ந்தவர்களின் அறிவைப் பேசாமல், இல்லாத கன்னியரைப் பற்றிப் பேசுவது அநீதி என்றே நினைக்கிறேன். (தீவின் பழங்களஞ்சியங்களில் தானிய வண்டுகளின் எச்சமும் கிடைத்திருக்கிறது. அவர்களுக்கும் வண்டோடு ஓயாத போராட்டம்தான்.)

ஸ்பானியர் 1483-இல் தீவைக் கைப்பற்றிய பிறகு அம்மக்களின் மொழியும் வழிபாடும் அழிந்தன. அவர்கள் விதைத்த வாற்கோதுமை அழியவில்லை. பழங்களஞ்சியங்களில் கிடைத்த மணிகளின் மரபணுவை இன்றைய பயிரோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2017-இல் வெளியானது. இன்று அங்கே விளையும் வாற்கோதுமை அந்தப் பழைய பயிரின் வழித்தோன்றலே என்று அது காட்டியது. ஆட்சி மாறியும் உழவர்கள் அதே விதையை எடுத்து வைத்து, அடுத்த ஆண்டும் அதையே விதைத்து வந்திருக்கிறார்கள். தானியத்தை வறுத்து அரைத்த 'கோஃபியோ' மாவு இன்றும் அத்தீவு வீடுகளில் அன்றாட உணவு.

வழக்கில் ஊறிய பெயரை மாற்றுவது எளிதல்ல என்பதை அறிவேன். ஆயினும் இந்த இடத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் முதல் வரியிலேயே 'களஞ்சியம்' என்று எழுதட்டும். கன்னிமாடக் கதைக்கு அடிக்குறிப்பில் இடம் போதும்.