பங்கா போட்டது நான்தான்

"ஆளப் பாக்காதம்மா, சின்னத்தப் பாரு."

போன வாரம் மலேசியாவில், பினாங்கின் பட்டர்வொர்த்தில் ஓர் ஒட்டுக்கடையில், எங்கள் கிளையில் முப்பது வருஷமாக இருக்கும் அண்ணன் ஒருவர் சொன்ன புத்திமதி இது. புத்திமதி என்ன, திட்டுதான். ஒரு தேர்தலில் நான் ஓட்டை எதிர்க்கட்சிக்கு மாற்றிப் போட்டது அவருக்கு இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் காதுக்கு எட்டியிருக்கிறது. 'துரோகம்' வரைக்கும் போய்விட்டார். என்ன கட்சி, எந்தத் தொகுதி, எந்த வருஷம் என்று கீழே வந்து கேட்காதீர்கள். சொல்லமாட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பிரச்சாரத்துக்காகக் கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம். எங்கள் வரிசை வீடுகளில் ஓர் அம்மா இருக்கிறார். தோட்டத்தில் பிறந்தவர், அந்தக் காலத்தில் பிறப்பைப் பதியாமல் விட்டுவிட்டார்கள், அறுபது வயசிலும் கையில் சிவப்பு அடையாள அட்டை, அதாவது குடியுரிமை இல்லை. அவருக்கு ஓட்டே கிடையாது. ஆனாலும் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். தோட்டத்துப் பள்ளிக்கூடச் சான்றிதழ், அவர் அப்பாவின் பழைய சம்பளச் சீட்டு, எல்லாவற்றிலும் மூன்று நகல். எங்கள் வேட்பாளர் அதை வாங்கினார், படத்துக்குச் சிரித்தார், பின்னால் நின்ற பையனிடம் நீட்டினார். மறுநாள் காலையில் நாற்காலி மடக்கப் போனவள் நான். மூன்றாவது வரிசைக்கு அடியில் கிடந்தது அந்த ஃபைல். மேலே கறிபாப் எண்ணெய்.

போன் போட்டேன். "தேர்தல் முடியட்டும்க்கா, பாத்துக்கலாம்" என்றான் அந்தப் பையன்.

அப்போதெல்லாம் பினாங்கில் ஒரே நாளில் இரண்டு சீட்டு கொடுப்பார்கள், நாடாளுமன்றத்துக்கு ஒன்று, சட்டமன்றத்துக்கு ஒன்று. 2022இல் நாடாளுமன்றம், 2023 ஆகஸ்டில் சட்டமன்றம் என்று அது பிரிந்தது பிறகுதான். ஒரு சீட்டில் வழக்கம்போல என் கட்சிக்குப் பங்கா, அதாவது பெருக்கல் குறி. இந்த வேட்பாளரின் பெயர் இருந்த சீட்டில் எதிர்க்கட்சிக்கு. அவர் அப்படியும் ஜெயித்துவிட்டார், அது வேறு கதை.

"பிடிக்கலன்னா வீட்ல இருந்திருக்கலாம்ல?" என்று கேட்டார் அண்ணன். இருந்திருக்கலாம். நான் போகாவிட்டால் வேட்பாளருக்கு ஒரு ஓட்டு குறையும். எதிரில் இருப்பவருக்குப் போட்டால் இங்கே ஒன்று குறைந்து அங்கே ஒன்று கூடும், வித்தியாசம் இரண்டு. எனக்கு இருந்த கோபத்துக்கு ஒன்று போதவில்லை.

2008இல் எல்லாரும்தானே மாற்றிப் போட்டோம் என்று சிலர் எனக்குப் பரிந்து பேசுகிறார்கள். அது வேறு. 2007 நவம்பர் 25இல் கோலாலம்பூரில் இந்தியர் உரிமைக்காக ஹிண்ட்ராஃப் இயக்கம் நடத்திய பேரணி, அடுத்த மார்ச் 8இல் தேர்தல். 1974இல் இருந்து சுங்கை சிப்புட் தொகுதியை வைத்திருந்த ம.இ.கா. தலைவர் சாமிவேலு தோற்றார். பதினெட்டு வருஷம் பினாங்கு முதலமைச்சராக இருந்த கோ சூ கூன் பத்து காவானில் எதிர்க்கட்சி ராமசாமியிடம் தோற்றார். ஆயுசுக்கும் பாரிசான் நேஷனலின் தராசைத் தவிர வேறெதையும் தொடாத என் அப்பாவே அன்று மாற்றினார். எதிரில் நின்றவர் யார் என்று அப்பாவுக்குச் சரியாகப் பெயர்கூடத் தெரியாது. அலையில் ஆளை யார் பார்த்தது? அதுவும் சின்னம் பார்த்துப் போட்ட ஓட்டுதான், வேறு சின்னம், அவ்வளவே. கூட ஆயிரம் பேர் இருந்ததால் யாரும் துரோகம் என்று சொல்லவில்லை.

ஆளுக்காக ஓட்டு மாறும் என்று நானும் ரொம்ப நம்பவில்லை. கோலாலம்பூர் பத்து தொகுதியைப் பாருங்கள். 2018இல் ஓர் அபராதத்தைக் காட்டி அங்கே எம்.பி.யாக இருந்த தியான் சுவாவின் வேட்புமனுவைத் தள்ளிவிட்டார்கள். சுயேச்சையாக நின்ற 22 வயசுப் பையன் பிரபாகரனை அவருடைய பக்கத்தான் ஹராப்பான் கூட்டணி ஆதரித்தது, ஜெயித்தார். ஜாலான் ஈப்போ பக்கம் இருக்கும் என் அக்கா, இரண்டு வாரத்துக்கு முன்னால் கேள்விப்படாத பெயருக்குப் பங்கா போட்டுவிட்டு வந்தார். 2022இல் அதே தியான் சுவா சுயேச்சையாக நின்றார், எல்லாருக்கும் தெரிந்த முகம். டெபாசிட்டே போய்விட்டது. ஆக, அண்ணன் கவலைப்பட ஒன்றுமில்லை, என்னைப் போன்றவர்கள் ஒரு கைப்பிடிதான்.

எனக்கு எரிச்சல் எங்கே என்றால், 2023இல் மேலே இருக்கும் தலைவர்கள் கைகோத்துக்கொண்டு, தராசுக்காரர்களை ராக்கெட் கட்சிக்கு, அதாவது டிஏபிக்குப் போடச் சொன்னார்கள். அதே ராக்கெட்டைத் திட்டித் திட்டியே தொண்டை போனவர்கள் அவர்கள். அவர்கள் மாறினால் வியூகம், நான் மாறினால் துரோகமா? கட்சித் தாவல் தடைச் சட்டம் 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தது. தனியாக ஒரு எம்.பி. தாவினால் பதவி போகும். கட்சியே மொத்தமாக அணி மாறினால் அந்தச் சட்டம் கிட்டே வராது.

வேட்பாளரை முடிவு செய்யும்போது கிளையில் யார் எங்களைக் கேட்டார்கள்? நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகு பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். கொடி கட்டு, நாற்காலி போடு, சாப்பாட்டுக்குச் சொல்லு. என் அபிப்பிராயத்தைச் சொல்ல எனக்குக் கிடைத்த ஒரே இடம் அந்த அட்டைத் தடுப்புக்குப் பின்னால்தான். அங்கேயும் சின்னத்தைத்தான் பார்க்கணும் என்றால் எப்படி அண்ணே?

அந்த ஃபைலைத் துடைத்து, புது உறை போட்டு, அந்த அம்மாவை நானே கூட்டிக்கொண்டு அலைந்தேன். இன்னும் சிவப்புதான்.

எழுந்திருக்கும்போது அண்ணன், "சரி சரி, அடுத்த எலக்‌ஷனுக்கு நாற்காலி வேல உன்னுதுதான்" என்றார். "மொதல்ல ஆளு யாருன்னு சொல்லுங்க" என்றேன். தே தாரிக்குக் காசு அவர்தான் கொடுத்தார்.