கூற்றை வெட்டி எறிந்துவிட்டுக் கதையைத் தேடாதீர்கள்

உலகின் தலைசிறந்த காதல் கதைகள் என்று சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பட்டியலின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ரோமியோ ஜூலியட், லைலா மஜ்னு, ஹீர் ராஞ்சா எல்லாம் இருக்க வேண்டியவைதான். அதன் கீழே நம்மவர் ஒருவர் எழுதியதும், ஆளாளுக்கு அதைப் பகிர்வதும்தான் தாங்கவில்லை. சங்க இலக்கியத்தில் காதல் வர்ணனை உண்டாம், கதை கிடையாதாம். பாத்திரங்களுக்குப் பெயர்கூட இல்லையாம். அவருக்குப் பதில் சொல்லப் போனவர்கள் செய்தது அதைவிட வலிக்கிறது. 'செம்புலப் பெயல்நீர் போல' என்ற வரியை ஒரு பூப்படத்தின் மேல் ஒட்டிவிட்டு, இதோ எங்கள் காதல் என்று வந்துவிட்டார்கள். கதையைக் காட்டச் சொன்னால், கதை இருக்கும் பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தைக் காட்டுகிறோம்.

கதை எங்கே இருக்கிறது? கூற்றில் இருக்கிறது. யார் சொல்வது, யாரிடம் சொல்வது, எந்த நேரத்தில் சொல்வது என்பதில் இருக்கிறது. சங்கக் காதல் பாட்டுகளின் தொகுப்பான குறுந்தொகையை எடுங்கள். உ.வே.சா.வின் 1937 பதிப்போ வேறு எந்த நல்ல பதிப்போ, பாட்டோடு சேர்த்து அந்தக் கூற்றைச் சொல்லும் ஒரு சிறு குறிப்பு அச்சாகியிருக்கும். முதலில் அதைப் படியுங்கள், பிறகு பாட்டுக்கு வாருங்கள். குறுந்தொகையின் 401 பாடல்களும் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிகளுக்குள் முடிந்துவிடும். அவ்வளவு சிறிய இடத்தில் நடந்ததையெல்லாம் விரித்துச் சொல்ல முடியாது. மீதியைக் குறிப்பும், நிலத்தோடு காதலின் நிலையைச் சேர்த்துக் காட்டும் திணையும் சுமக்கின்றன.

செம்மண்ணில் பெய்த மழைநீர்போல நெஞ்சங்கள் கலந்தன என்று சொல்லும் அந்தச் 'செம்புலப் பெயல்நீர்' பாட்டையே, குறுந்தொகை 40ஐயே எடுத்துக்கொள்வோம். கல்யாணப் பத்திரிகையில் அது வெற்றிப் பாட்டாக நிற்கிறது. குறிப்பைப் பாருங்கள்: முதல் கூடலுக்குப் பிறகு, தலைவன் நம்மை விட்டுப் போய்விடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள். அவள் வாய் திறக்கவில்லை. முகம் மாறுவதைக் கண்டு அவன் பேசுகிறான். உன் தாய் யாரோ, என் தாய் யாரோ என்று அவன் அடுக்குவது பெருமை பேச அல்ல, பயந்து நிற்கும் ஒருத்தியைத் தேற்ற. அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஓர் அழகான உவமை. வர்ணனைதானே என்று பட்டியலின் கீழே எழுதியவர் கேட்டதில் என்ன வியப்பு?

அவள் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கபிலரின் 25ஆம் பாட்டுக்கு வாருங்கள். கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறான், அவள் தோழியிடம் சொல்கிறாள்: அன்று அங்கே யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான் இருந்தான், அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? சாட்சி ஒரு குருகு, நீர்க்கரைப் பறவை. தினைத்தாள் போன்ற மெல்லிய கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதன் கவனம் மீனில். அது வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. இது வர்ணனையா? ஒரு பெண்ணின் வழக்கு முழுவதும் அந்த ஐந்து அடியில் இருக்கிறது.

இதை அப்படியே தொடர்ந்து படிக்கலாம். கூடலூர் கிழாரின் 167இல் கல்யாணம் முடிந்துவிட்டது. வளர்த்த தாயான செவிலி போய்ப் பார்த்துவிட்டு வந்து பெற்ற தாயிடம் சொல்கிறாள். தயிர் பிசைந்த விரலை உடுத்திய துணியில் துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் படிய, அவளே சமைத்த புளிக்குழம்பு. அவன் 'இனிது' என்று உண்கிறான். அவள் முகத்தில் நுண்ணிய ஒரு மகிழ்ச்சி. அம்மூவனாரின் 49க்கு வந்தால் 'இம்மை மாறி மறுமை ஆயினும் நீ ஆகியர் என் கணவனை' என்ற வரி. அதையும் வாழ்த்து அட்டையில் பார்க்கிறேன். பரத்தையிடம் போய்த் திரும்பி வந்த கணவனிடம் அவள் சொன்னது அது. கூற்றைத் தெரிந்துகொண்டு மணமேடைக்கு எத்தனை பேர் அதைக் கொண்டுபோவார்கள்?

இந்தக் குறிப்புகள் புலவர்கள் எழுதியவை அல்ல, பின்னால் வந்தவர்கள் சேர்த்தவை என்பீர்கள். சரிதான். சில பாட்டுக்கு வேறு கூற்றும் பொருந்தும். ஆனாலும் பாட்டே யாரோ ஒருவர் இன்னொருவரிடம் பேசும் பேச்சாகத்தானே இருக்கிறது? குறிப்பை மறைத்துவிட்டு 25ஐப் படித்தாலும் ஏமாற்றப்படுவோமோ என்ற நடுக்கம் கேட்கத்தானே செய்கிறது?

சாதாரண மக்கள் ரசிப்பதை ஏன் தடுக்கிறாய், பண்டிதத்தனம் காட்டாதே என்று அடுத்து வருவீர்கள். ரசிப்பதை நான் எங்கே தடுத்தேன்? ரசிக்க வேண்டியதில் பாதியை மறைத்துக் கொடுக்காதீர்கள் என்கிறேன். 'அவள் அஞ்சியபோது அவன் சொன்னது' என்று ஒரு வரி சேர்த்தால் அட்டையில் இடம் போதாதா? பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட அது புரியும்.

பெயர் இல்லை என்ற குறைக்கு வருகிறேன். அன்பின் ஐந்திணையில், அதாவது ஒத்த காதலைப் பாடும் ஐந்து திணைகளில், ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம் வைத்த விதி. பெயர் இல்லாததால்தான் அந்தத் தலைவி எந்த ஊர்ப் பெண்ணாகவும் இருக்க முடிகிறது. அப்படியும் பெயர்தான் வேண்டுமென்றால், ஆட்டனத்தி, ஆதிமந்தி என்ற காதலர் இருவர் இருக்கிறார்கள். கழார்த் துறையில் புனல்விழாவில் ஆடிய ஆட்டனத்தியைக் காவிரி கொண்டுபோய்விடுகிறது. ஆதிமந்தி மதி மருண்டு திசையெல்லாம் தேடுகிறாள். சிலப்பதிகாரம் அவளைக் கரிகாலன் மகள் என்கிறது. குறுந்தொகை 31 ஆதிமந்தியார் பெயரில்தான் இருக்கிறது. வீரர் கூடிய விழாவிலும் பெண்கள் துணங்கைக் கூத்து ஆடும் இடத்திலும் தேடினேன், எங்கும் காணவில்லை என்று அதில் ஒரு பெண் சொல்கிறாள்.

இன்னொரு சங்கக் காதல் தொகுப்பான அகநானூற்றில், 222ஆம் பாட்டில், புலவர் பரணர் இன்னொரு பெயரையும் வைத்திருக்கிறார். மருதி. ஆதிமந்திக்கு அவள் தேடிய காதலனைக் காட்டிவிட்டுத் தான் கடலில் புகுந்தவள். அவளைப் போன்ற புகழ் பெறுவோம் என்று பாட்டுக்குள் ஒரு பெண் பேசும் அளவுக்கு அன்று அவள் பெயர் தெரிந்திருந்தது. இன்று ஜூலியட்டைத் தெரிந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மருதியைத் தெரியும்? பட்டியல் போட்டவரிடம் இதைக் கேட்கவில்லை, அவர் நம் ஆள் இல்லை. கதையே இல்லை என்று தமிழில் எழுதியவரிடமும், அதைப் பகிர்ந்தவர்களிடமும் கேட்கிறேன். அகநானூறு 222ஐப் படித்துவிட்டு வந்து பேசுங்கள்.