அந்தக் கைப்பேசி எண் யாருடையது?

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் இணையம் இல்லை என்று இன்றைக்கு யாரும் சொல்ல முடியாது. 2020-இல் நாடெங்கும் இணைய வசதியை மேம்படுத்தும் ஜெண்டேலா திட்டத்தை அரசாங்கம் அறிவித்தது. 2021 முடிவதற்குள் 3ஜி நிறுத்தப்பட்டு 4ஜி விரிந்தது. தோட்டங்களுக்கு உள்ளே போகப் போக அலைவரிசை தேய்கிறது, உண்மைதான். அது தனியார் நிலம்; கோபுரம் நிறுத்தவும் கம்பி இழுக்கவும் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். அதைப் பற்றிப் பலரும் பேசிவிட்டார்கள். என்னை உறுத்துவது வேறு. அலைவரிசை நன்றாகக் கிடைக்கும் பட்டணத்து மலிவு வீடுகளிலேயே நம் பெரியவர்கள் இணையத்துக்கு வெளியே நிற்கிறார்கள்.

பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் ஓய்ந்தவர்கள் இவர்கள். சேமநிதி, உதவித்தொகை, வங்கிக் கணக்கு எல்லாம் இப்போது ஒரு கைப்பேசி எண்ணை நம்பி இருக்கின்றன. அந்த எண் பல நேரங்களில் அவர்களுடையது இல்லை. விண்ணப்பம் செய்த அன்று பக்கத்தில் யார் இருந்தாரோ, அவருடைய எண்.

எங்கள் தெருப் பாட்டி ஒருவரின் கணக்கில் பேரனின் எண் இருக்கிறது. பேரன் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறான். வேலை நேரத்தில் கைப்பேசியைப் பூட்டி வைத்துவிட வேண்டும். பாட்டிக்கான ரகசியக் குறியீடு அங்கே போய்ச் சேர்ந்து, அவன் பார்ப்பதற்குள் காலாவதியாகிவிடுகிறது. நேரில் போனால், இணையத்தில் செய்துகொள்ளுங்கள் என்று மலாயில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எழுபது வயதைத் தாண்டியவர், வெயிலில் பஸ் ஏறிப் போய் வந்தவர். எனக்கு இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வேறு சிலர் கைப்பேசிக் கடைக்குப் போகிறார்கள். பத்து ரிங்கிட் கொடுத்தால் வேலை முடிகிறது; கடவுச்சொல் கடைக்காரரின் நோட்டுப் புத்தகத்தில் தங்கிவிடுகிறது. கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். நாற்பது வருட உழைப்பின் சேமிப்பை அப்படியா விட்டுவைப்பது?

பணமில்லை என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன். தொலைத்தொடர்பு உரிமம் பெற்ற நிறுவனங்கள், வருவாய் ஒரு வரம்பைத் தாண்டினால், கணக்கிடப்பட்ட நிகர வருவாயில் 6 விழுக்காட்டை, தொலைத்தொடர்பு எல்லாருக்கும் எட்டுவதற்கான பொதுச் சேவை நிதிக்குச் செலுத்துகின்றன. மக்களுக்கு இணைய வசதியும் பயிற்சியும் தரும் நாடி மையங்கள், நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை, அந்த நிதியில்தான் இயங்குகின்றன. பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன், தோட்டங்களை வாங்குவதற்காகத் தொழிலாளர்களின் காசைச் சேர்த்துத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். அன்று காசையே திரட்ட வேண்டியிருந்தது. இன்று நிதி தயாராக இருக்கிறது, கேட்க வேண்டியதுதான் பாக்கி.

தோட்டப் பட்டணங்களின் நாடி மையங்களில் தமிழ் பேசும் ஊழியர் ஒருவராவது வேண்டும். அவர் மையத்திலேயே உட்கார்ந்திராமல், மாதத்தில் சில நாள்கள் மலிவு வீட்டுப் பகுதிக்கும் கோயில் மண்டபத்துக்கும் வர வேண்டும். ஒவ்வொரு பெரியவருக்கும் அவர் பெயரிலேயே ஒரு சிம் கார்டு, கணக்குகளில் அந்த எண்: முதல் வேலை இதுதான். எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் பிறகு பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கலாம். அதுவரை எந்த அலுவலகமும் முகப்பிடத்தை மூடக் கூடாது.

நம் சட்டமன்ற உறுப்பினருக்கு இதைக் கடிதமாக எழுதுகிறேன். கையெழுத்திட விரும்புபவர்கள் எனக்குத் தகவல் அனுப்புங்கள். வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள், அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது, அப்பா அம்மாவின் ஒவ்வொரு கணக்கிலும் யாருடைய எண் இருக்கிறது என்று பாருங்கள். உங்களுடையதாக இருந்தால், அவர்களைக் கூடவே அழைத்துப் போய் மாற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்புங்கள்.