ஆட்டுக் கதை வாசித்தால் இங்கிலீஷ் வருமா என்று கேட்டவருக்கு

என் வகுப்பில் இங்கிலீஷ் கதை ஒன்றை வாசிக்கிற வீடியோவை முந்தாநாள் போட்டிருந்தேன். அதற்குக் கீழே நிறையப் பேர் கேள்வி கேட்டார்கள். "நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆட்டுக் கதை வாசித்துக்கொண்டிருந்தால் இங்கிலீஷ் எப்ப வரும்? கதை சொல்லவா சம்பளம்?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

வரும் சார். கதை வாசித்தால்தான் வரும்.

இங்கிலீஷில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் மறுபடி மறுபடி வருவது சின்ன வார்த்தைகள்தான். தி (the), வாஸ் (was), செட் (said), வித் (with), தேர் (there). அமெரிக்காவில் எட்வர்ட் டால்ச் என்பவர் 1936இலேயே இப்படி 220 வார்த்தைகளைப் பொறுக்கியெடுத்துப் பட்டியல் போட்டார். அதில் பெயர்ச்சொல் ஒன்றுகூடக் கிடையாது. ஆப்பிளுக்குப் படம் வரைந்து சுவரில் ஒட்டலாம், 'வாஸ்'க்கு எதை வரைவது? பலவற்றை எழுத்துக்கூட்டவும் முடியாது. 'செட்'டை எஸ், ஏ, ஐ, டி என்று கூட்டுகிற பிள்ளை 'செய்ட்' என்றுதான் படிக்கும். இந்த வார்த்தைகளைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சந்திக்க வேண்டும், அதுவும் ஆசையோடு சந்திக்க வேண்டும். அதற்குக் கதையை விட்டால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கதை நானே எழுதியது. மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் மேலூர் பஸ்ஸில் ஓர் ஆடு ஏறிவிடுகிறது. கண்டக்டர் இறங்கச் சொல்கிறார். "நோ, செட் தி கோட்." பூக்கார அக்கா சொல்கிறார், போலீஸ்காரர் சொல்கிறார். எல்லாருக்கும் அதே பதில். மூன்றாவது பக்கத்தில் நான் வாயை மூடிக்கொண்டு வார்த்தைக்குக் கீழே விரலை மட்டும் வைத்தேன். வகுப்பே கத்தியது. வீடியோவில் நீங்கள் பார்த்தது அதைத்தான். பார்க்காதது மறுநாள் நடந்தது. வாயே திறக்காத ஒரு பிள்ளை பாடப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து 'செட்' மேல் விரலை வைத்து, "டீச்சர், ஆடு சொன்னது இங்கயும் இருக்கு" என்றாள்.

பத்துத் தடவை எழுதவைத்தால் போதாதா என்கிறார்கள். இம்போசிஷன் எழுதுகிற பிள்ளையை என்றைக்காவது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? முதலில் மேலிருந்து கீழே பத்து எஸ். அப்புறம் பத்து ஏ. அப்புறம் பத்து ஐ. நோட்டு நிரம்பிவிடும், வார்த்தையை அது ஒரு தடவைகூடப் படித்திருக்காது.

எழுத்துகளின் ஒலியைக் கூட்டிப் படிக்கிற ஃபோனிக்ஸ் வேண்டாமா? வேண்டும், அதையும்தான் நடத்துகிறேன். பரீட்சைக்கு உதவுமா? கேள்வித்தாளில் 'வாட்' (what), 'வேர்' (where), 'ஹூ' (who) படிக்கத் தெரியாத பிள்ளை எந்தப் பரீட்சையை எழுதும்? தமிழே வராதவர்களுக்கு இங்கிலீஷ் கதை எதற்கு என்று இன்னொருவர். ஆட்டுக் கதையை முதலில் தமிழில்தான் சொன்னேன், நடித்தும் காட்டினேன். வீடியோவை முழுசாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அந்தப் பெரியவர் தன் பேரனுக்கு ராத்திரி இங்கிலீஷ் கதைப் புத்தகம் வாசிக்கிற போட்டோவை அவரே போட்டிருக்கிறார். நானும் லைக் போட்டேன். நல்ல விஷயம்தானே சார். விடிவதற்கு முன்னால் பூ மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடும் அம்மாவின் பிள்ளைக்கு அதை யார் வாசிப்பது? நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023இல் திறந்தார்கள், குழந்தைகள் பகுதி அவ்வளவு நன்றாக இருக்கிறது. எங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போக வீட்டில் ஆளில்லை. பேரனுக்குக் கிடைத்தால் வளர்ப்பு, இவர்களுக்குக் கிடைத்தால் நேர விரயமா?

சம்பளத்தைப் பற்றிக் கேட்டதுதான் ரொம்ப வலித்தது. ஆட்டுக் கதைக்கான சார்ட், ஸ்கெட்ச் பேனா, லேமினேஷன் எல்லாம் என் கைக்காசு. வீட்டு வேலை முடித்துவிட்டு ராத்திரி உட்கார்ந்து வரைந்தவை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல வைத்துவிட்டார்கள்.

அடுத்த கதை பாதி வரைந்தாகிவிட்டது. வைகையில் குளிக்கப் போன எருமையைக் காணோம், ஊரே தேடுகிறது. பக்கத்துக்குப் பக்கம் 'வேர்' வரும், 'தேர்' வரும். திங்கட்கிழமை வாசிக்கிறேன்.