கமாலா கானை அவள் கதையிலேயே சாக விட்டிருக்கலாம்

2023 மே 31. மார்வெல் காமிக்ஸின் ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 26ஆம் இதழில், மிஸ் மார்வெல் என்ற பெயரில் வரும் சூப்பர்ஹீரோ பெண் கமாலா கான் இறந்துபோனாள். செய்தி இரண்டு வாரம் முன்பே வெளியே வந்துவிட்டதால் யாரும் அதிர்ந்துபோகவில்லை. கோபம்தான் வந்தது. அப்போதே எழுத நினைத்து விட்டுவிட்டேன். போன வாரம் ஒரு நண்பர் கேட்டார்: “காமிக்ஸில் யார்தான் சாகவில்லை? சூப்பர்மேனே செத்துப் பிழைத்தவர். இந்தப் பெண்ணுக்கு மட்டும் ஏன் எல்லோரும் இப்படி அழுதார்கள்?” நேரில் சட்டென்று பதில் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

அறியாதவர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். ‘மிஸ் மார்வெல்’ என்ற பெயர் முதலில் கேரல் டேன்வர்ஸ் என்ற நாயகியிடம் இருந்தது. அவர் 2012இல் கேப்டன் மார்வெல் ஆனபின் அந்தப் பெயர் சும்மா கிடந்தது. 2014 பிப்ரவரியில் அதே பெயரில் புதிய மாத இதழ் ஒன்று தொடங்கியது. எழுதியவர் ஜி. வில்லோ வில்சன், வரைந்தவர் ஏட்ரியன் அல்ஃபோனா, வண்ணம் இயன் ஹெர்ரிங். நியூ ஜெர்சியில் முஸ்லிம் பெண்ணாக வளர்ந்த கதைகளை மார்வெலின் இதழாசிரியர் சனா அமானத் தன் சக இதழாசிரியர் ஸ்டீபன் வாக்கரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது முளைத்த யோசனை அது. நாயகி கமாலா, ஜெர்சி சிட்டியில் வாழும் 16 வயது பாகிஸ்தானிய அமெரிக்கப் பெண். அப்பா யூசுஃப், அம்மா முனீபா, அண்ணன் ஆமிர்.

முதல் இதழின் முதல் காட்சியை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று தெரியாது. தெருமுனைக் கடை. பன்றி இறைச்சி வைத்த சாண்ட்விச்சை முகர்ந்துகொண்டு நிற்கிறாள் கமாலா. சாப்பிடப் போவதில்லை, வாசனை மட்டும் போதும் அவளுக்கு. கடையில் வேலை செய்யும் புரூனோ, பக்கத்தில் முக்காடு அணிந்த தோழி நகியா. வெடிப்பு இல்லை, வில்லன் இல்லை. ஆசைக்கும் கட்டுப்பாட்டுக்கும் நடுவில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பெண். அப்பாவிடம் பார்ட்டிக்குப் போக அனுமதி கேட்டு, கிடைக்காமல், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கடைசியில் ஜன்னல் வழியாக இறங்கிப் போகிறவள். இந்த வீட்டை எனக்குத் தெரியும் என்று தோன்றும். நம்மில் பாதிப் பேர் அந்த வீட்டில் வளர்ந்தவர்கள்தான்.

பார்ட்டியிலிருந்து திரும்பும்போது ஒரு பனிமூட்டம் சூழ்கிறது, மயங்குகிறாள். மயக்கத்தில் கேப்டன் மார்வெல் வானத்திலிருந்து இறங்கி வருகிறார். வரும்போது அவர் வாயில் சூஃபி கவிஞர் அமீர் குஸ்ரோவின் பாட்டு, கடுகு பூத்த வயல்களைப் பாடும் அந்த வரிகள். அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸில் இப்படி ஒரு காட்சி வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. “உனக்கு என்ன வேண்டும்?” என்ற கேள்விக்கு கமாலா சொல்லும் பதில்: உங்களைப் போல ஆகவேண்டும். ஆகிறாள். பொன்னிற முடி, நீண்ட பூட்ஸ், கேரலின் பழைய உடை, எல்லாம் அப்படியே.

இரண்டாம் இதழில்தான் இந்தத் தொடர் என்னை முழுசாகப் பிடித்துக்கொண்டது. ஆசைப்பட்ட உருவம் கிடைத்த பிறகு அவள் கவனிப்பது என்ன? முடி முகத்தில் வந்து விழுகிறது. பூட்ஸ் காலைக் கடிக்கிறது. உடை கண்ட இடத்தில் உறுத்துகிறது. அழகும் பலமும் இன்னொருத்தியின் முகத்தில் இருக்கிறது என்று நம்பியவளுக்கு அந்த முகம் பொருந்தவில்லை. அதே இதழில் நீரில் மூழ்கும் ஒரு பெண்ணைக் காப்பாற்றும்போது அப்பா அடிக்கடி சொல்லும் குர்ஆன் வசனம்தான் அவள் நினைவுக்கு வருகிறது: ஓர் உயிரைக் காத்தவர் மனித குலம் முழுவதையும் காத்தவர். அப்புறம் உடலை மூடும் நீச்சலுடையான தன் புர்கினியையே வெட்டித் தைத்து உடையாக்கிக்கொள்கிறாள். கேரலின் முகத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் முகத்தோடு தெருவில் இறங்குகிறாள். தொடர் முழுக்க இந்த ஒரு நடைதான்: அடுத்தவர் முகத்திலிருந்து தன் முகத்துக்கு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கமாலாவே ஒரு ரசிகை. அவெஞ்சர்ஸை வைத்து ராத்திரியெல்லாம் ரசிகர் கதை எழுதுகிறவள். எக்ஸ்மென் குழுவின் வுல்வரினை முதல்முறை நேரில் பார்க்கும்போது, அவரும் அதே குழுவின் ஸ்டார்மும் விண்வெளியில் சுற்றுவதாகத் தான் எழுதிய கதை இணையத்தில் போன மாதம் மூன்றாம் இடம் பிடித்ததை மூச்சுவிடாமல் சொல்வாள். அதைப் படித்தபோது சிரித்தேன், அப்புறம் கண் கலங்கிவிட்டது. எங்கள் கூட்டத்திலிருந்து ஒருத்தி எழுந்து மேடைக்குப் போயிருக்கிறாள் என்ற உணர்வு அது. ரசிகர்கள் இந்தப் பெண்ணை இவ்வளவு உரிமையோடு பிடித்துக்கொண்டதற்குப் பாதிக் காரணம் அந்த உணர்வுதான் என்பேன்.

அறிவிப்பு வந்தபோது, 2013 நவம்பரில், கேலி பேசியவர்கள் நிறைய. ஒதுக்கீட்டுக்காக உருவாக்கிய பாத்திரம், நாலு இதழ் தாண்டாது என்றார்கள். முதல் இதழைத் திரும்பத் திரும்ப மறுஅச்சுப் போட வேண்டிவந்தது. முதல் தொகுப்புக்கு 2015இல் அறிவியல்புனைவு, மிகுபுனைவுக்கான ஹியூகோ விருது கிடைத்தது, அடுத்த ஆண்டு பிரான்சின் அங்குலேம் காமிக்ஸ் விழாவில் சிறந்த தொடருக்கான பரிசு. விருதை விடுங்கள். 2015 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ நகரப் பேருந்துகளில் இஸ்லாமியர்களை நாஜிகளோடு சேர்த்துப் பேசும் விளம்பரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. யாரோ அவற்றின் மேல் கமாலாவின் படத்தை ஒட்டிவிட்டுப் போனார்கள், வெறுப்புக்கு எதிரான வாசகங்களோடு. பதிப்பகம் செய்த விளம்பரம் அல்ல அது. தொடர் தொடங்கி ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை, அதற்குள் அவளை வீதிக்குக் கூட்டிப்போய் நிறுத்திவிட்டார்கள். ரசிகர் எதிர்வினை என்று பேசும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் பேருந்துகள்தான்.

வில்சன் ஐந்து ஆண்டுகள் எழுதினார். முதல் வரிசையில் 19 இதழ், இரண்டாவதில் 38. அப்புறம் சலாதின் அஹ்மத் 18 இதழ்கள் எழுதினார், 2021இல் அது முடிந்தது. அடுத்து ஐந்து இதழில் ஒரு சிறு தொடர். அதோடு அவளுக்கென்று தொடர்ந்து வரும் மாத இதழ் இல்லாமல் போனது.

ஏன் நின்றது என்றால் விற்பனை என்பார்கள். இங்கே நான் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் காமிக்ஸ் கடைக்காரர் இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே பட்டியலைப் பார்த்து ஆர்டர் கொடுக்க வேண்டும். விற்காததைப் பெரும்பாலும் திருப்பிக் கொடுக்க முடியாது, நஷ்டம் அவர் தலையில். அதனால் தெரிந்த முகங்களுக்குத்தான் அதிகம் ஆர்டர் போடுவார். மாத விற்பனைப் பட்டியல் என்று பரபரப்பாகப் பேசப்பட்டதெல்லாம் கடைகள் வாங்கிய எண்ணிக்கைதான், வாசகர்கள் வாங்கியது அல்ல. கமாலாவின் வாசகர்களில் மிகப் பலர் அந்தக் கடைப் பக்கமே போகாதவர்கள். புத்தகக் கடையில் தொகுப்பாக வாங்கியவர்கள், பள்ளி நூலகத்தில் எடுத்துப் படித்த பெண் பிள்ளைகள், டிஜிட்டலில் படித்தவர்கள். நானும் தொகுப்பில்தான் படித்தேன், ஒரு மாத இதழைக்கூடக் கையில் தொட்டதில்லை. எங்கள் யாருடைய அன்பும் அந்தப் பட்டியலில் ஏறியிருக்காது. 2017 மார்ச்சில் மார்வெலின் விற்பனைப் பிரிவுத் துணைத் தலைவர், பன்முகத்தன்மையும் பெண் பாத்திரங்களும் வேண்டாம் என்று மக்கள் சொல்வதாகக் கடைக்காரர்களிடம் கேள்விப்படுகிறோம் என்று பேசிவிட்டு, கண்டனம் கிளம்பியதும் விளக்கம் கொடுத்தார். கடைக்காரர் காதால் மட்டும் வாசகரைக் கேட்டால் இப்படித்தான் ஆகும்.

சரி, மரணத்துக்கு வருவோம்.

அவள் இறந்தபோது அவளுக்கென்று இதழ் ஓடிக்கொண்டிருக்கவில்லை. ஸ்பைடர்மேன் கதையில் ஆஸ்கார்ப் என்ற நிறுவனத்தில் பயிற்சிக்கு வந்த பெண்ணாக அவ்வப்போது தலைகாட்டிக்கொண்டிருந்தாள். வில்லன் ஸ்பைடர்மேனின் முன்னாள் காதலி மேரி ஜேனைக் கொல்லத் தேடுகிறான். கமாலா தன் சக்தியால் உருவம் மாறி, மேரி ஜேனாக அவன் முன் நிற்கிறாள். கத்தி அவள்மேல் பாய்கிறது.

மேரி ஜேனின் முகத்தோடு.

என்னால் இதைத்தான் தாங்க முடியவில்லை. இரண்டாம் இதழில் கேரலின் முகத்தைக் கழற்றி வைத்தவள் அவள். இத்தனை வருடம், இத்தனை இதழ், நான் நானாகவே இருந்தால் போதும் என்று கற்றுக்கொண்டவள். அவளைக் கொண்டுபோய், இன்னொரு நாயகனின் புத்தகத்தில், அந்த நாயகனின் முன்னாள் காதலியின் முகத்தை மாட்டி, குத்திக் கொன்றுவிட்டார்கள். அவள் அம்மா அங்கே இல்லை. புரூனோ இல்லை, நகியா இல்லை, ஜெர்சி சிட்டி இல்லை. பக்கத்தில் இருந்து கண்ணீர் விட்டது ஸ்பைடர்மேன். அவர் துக்கத்தைக் கூட்டத்தான் இவள் செத்தாள் என்பதாகத்தான் அந்தப் பக்கங்களை என்னால் படிக்க முடிந்தது.

அம்மா என்று சொன்னேன் இல்லையா? 2015இல் உலகமே அழியப்போகும் கதைக்கட்டத்தில் கமாலா தன் ரகசியத்தை அம்மாவிடம் சொல்லத் தடுமாறுவாள். முனீபாவுக்கு ஏற்கெனவே தெரியும். பெண் வீட்டை விட்டுப் போனால் பெற்றவளுக்குத் தெரியாமல் இருக்குமா? திட்டுவாள் என்று பார்த்தால், நல்ல பிள்ளையை வளர்த்திருக்கிறேன் என்று கடவுளுக்கு நன்றி சொல்லி அணைத்துக்கொள்வாள். இப்படி ஒரு அம்மாவை எழுதிவைத்திருக்கும் தொடரின் நாயகியைச் சாகடிக்க வேண்டுமென்றே வைத்துக்கொள்வோம். அந்த அம்மா கதவருகே காத்திருக்கும் ஒரு பக்கம் வேண்டாமா? ரசிகர்கள் கேட்டது இதைத்தான். சாகக்கூடாது என்று யாரும் சத்தியம் வாங்கவில்லை.

பெண் பாத்திரத்தைக் கொன்று ஆண் நாயகனுக்குத் துக்கம் ஊட்டும் பழக்கம் பழையது. கெயில் சிமோன் 1999இல் அப்படிக் கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட பெண் பாத்திரங்களின் பட்டியலையே போட்டுக் காட்டினார். அப்போது அவர் பேர்பெற்ற எழுத்தாளர் இல்லை, ஒரு வாசகி. பின்னால் அவரே பேட்கேர்ள், வொண்டர் வுமன் எல்லாம் எழுதினார். வாசகர் கோபத்தை வெறும் கூச்சல் என்று ஒதுக்குகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். அதே சமயம், கதையை எழுதியவரைத் தனிப்பட்ட முறையில் வசைபாடியவர்களோடு நான் நிற்கமாட்டேன். கமாலாவை நேசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அவள் ஒருபோதும் செய்யாத காரியத்தைச் செய்வது எந்த நேசத்திலும் சேராது.

ஜூலையில் அஞ்சலி இதழ் வந்தது. வில்சனும் அஹ்மதும் அதில் எழுதினார்கள். அதே மாதக் கடைசியில் எக்ஸ்மென் இதழ் ஒன்றில் அவளை உயிர்ப்பித்தும் விட்டார்கள், கூடவே அவள் மியூட்டன்ட், அதாவது எக்ஸ்மென் போலப் பிறவியிலேயே மரபணுவில் சக்தி உள்ளவள், என்ற அறிவிப்போடு. காமிக்ஸில் அதுவரை அவள் இன்ஹியூமன், அந்தப் பனிமூட்டம் பட்டால் சக்தி விழிக்கும் வம்சம். 2022இல் வந்த தொலைக்காட்சித் தொடர்தான் அவளை மியூட்டன்ட் பக்கம் இழுத்தது. அந்த நவம்பரில் அவள் வரும் படம் வெளியாகவிருந்தது. அதற்கு ஏற்றபடி திருத்தவே இந்தச் சாவு என்று ரசிகர்கள் முடிவுகட்டினார்கள், எனக்கும் அப்படித்தான் பட்டது. இரண்டு மாதத்தில் திரும்ப வரப்போகிறாள் என்றால் அழுதவர்களின் அழுகைக்கு என்ன மரியாதை?

ஆனால் அடுத்து நடந்ததை மறைக்க மாட்டேன், அது எனக்குப் பிடித்தது. ஆகஸ்டில் தொடங்கிய நான்கு இதழ்த் தொடரை சபீர் பீர்சாதாவோடு சேர்ந்து எழுதியவர் இமான் வெல்லானி, தொலைக்காட்சியில் கமாலாவாக நடித்த அதே பெண். நடிப்புக்கு வருவதற்கு முன்பே கமாலாவின் வாசகி. கனடாவில் பள்ளியில் படிக்கும்போது ஹாலோவீனுக்கு மிஸ் மார்வெல் உடை போட்டுக்கொண்டு போனவர். தைத்துக் கொடுத்தது பாட்டி. கடையில் வாங்கியதில்லை. பேத்தி காமிக்ஸைக் காட்டி இப்படி வேண்டும் என்று கேட்டிருப்பாள், பாட்டி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்தப் படத்தைப் பார்த்திருப்பார் என்று நானாகக் கற்பனை செய்துகொள்கிறேன். அந்தப் பேத்தியே எழுதியதால்தான், இந்த மியூட்டன்ட் பட்டத்தைக் கமாலா சந்தோஷமாக வாங்கிக்கொள்ளவில்லை. முஸ்லிம், பாகிஸ்தானி, அமெரிக்கர், இன்ஹியூமன், இப்போது இதுவுமா என்று தடுமாறுகிறாள். ரசிகர்கள் கேட்ட அதே கேள்வி. முதல் உடையை வடிவமைத்த ஜேமி மெக்கெல்வியே புதிய எக்ஸ்மென் உடையையும் வடிவமைத்தார், அதில் பழைய உடையின் மின்னல் சின்னம் இன்னும் தெரிகிறது.

அதற்குப் பின் இன்னொரு நான்கு இதழ், அப்புறம் ஒரு குழுக்கதையில் இடம். நான்கு நான்காக வெட்டித் தரும் இந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. மாதாமாதம் வரும் தொடரில்தான் கடைக்கார நண்பனுக்கும், பள்ளிவாசல் ஷேக்குக்கும், அண்ணன் ஆமிரின் கல்யாணத்துக்கும் இடம் இருக்கும். சிறு தொடரில் வில்லனை ஒழிக்கவே பக்கம் போதாது. எனக்கு வேண்டியது ஜெர்சி சிட்டி, அந்தக் கடை, அந்த ஜன்னல். அப்படி ஒரு தொடர் 50 இதழ் வரட்டும்.

கேள்வி கேட்ட நண்பரிடம் வாதம் செய்யாமல் முதல் தொகுப்பைக் கொடுத்தனுப்பினேன். நேற்று ராத்திரி செய்தி அனுப்பினார். இரண்டாம் இதழில் இருக்கிறாராம், பூட்ஸ் காலைக் கடிக்கும் பக்கத்தில்.