காபூலின் பணம், நியூயார்க்கின் பூட்டு

2021 ஆகஸ்ட் 15 அன்று தலிபான்கள் காபூலுக்குள் நுழைந்தபோது, ஆப்கானிஸ்தான் மைய வங்கிக்குச் சொந்தமான சுமார் 700 கோடி டாலர் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் இருந்தது. அமெரிக்கா அதை உடனே முடக்கியது. பெண் குழந்தைகளின் படிப்பை நிறுத்தியவர்களின் கைக்கு அந்தப் பணம் போகக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் அதில் ஒரு பகுதி ஆப்கானிய வணிக வங்கிகளுடையது. கடைக்காரர்களும் சம்பளக்காரர்களும் போட்டுவைத்த சேமிப்பு. கணக்கில் பணம் இருந்தும் வாரத்துக்கு 200 டாலருக்கு மேல் எடுக்க முடியாமல் அவர்கள் வங்கி வாசல்களில் நாள் முழுக்க வரிசையில் நின்றார்கள். நாட்டின் சொந்தக் கையிருப்பு வெளிநாட்டில் பூட்டிக் கிடக்க, நிவாரணப் பணிகளுக்காக ஐ.நா. டாலர் நோட்டுக் கட்டுகளை விமானத்தில் கொண்டுவந்து காபூலில் இறக்க வேண்டியிருந்தது.

2022 பிப்ரவரி 11 அன்று அதிபர் பைடன் பிறப்பித்த ஆணை அந்தப் பணத்தை இரண்டாகப் பிரித்தது. பாதி ஆப்கானிய மக்களின் நலனுக்கு என்று ஒதுக்கப்பட்டுப் பின்னர் சுவிட்சர்லாந்தில் அமைந்த ஓர் அறக்கட்டளைக்குப் போனது. மறுபாதி, இரட்டைக் கோபுரத் தாக்குதலில் உயிரிழந்தோரின் குடும்பங்கள் தொடுத்த வழக்குகளின் முடிவுக்காக நிறுத்திவைக்கப்பட்டது. அந்தத் தாக்குதலுக்கும் காபூலில் வரிசையில் நின்றவர்களுக்கும் என்ன தொடர்பு? அந்தக் குடும்பங்களிலேயே சிலர், இது ஆப்கானிய மக்களின் பணம், எங்களுக்கு வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர்களை நான் வணங்குகிறேன்.

அதே மாத இறுதியில் ரஷ்யாவின் சுமார் 30,000 கோடி டாலர் முடக்கப்பட்டது. உக்ரைன் மீது படையெடுத்த நாட்டுக்கு அந்தத் தண்டனை தகும் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பணத்தின் பெரும்பகுதியை வைத்திருக்கும் பிரஸ்ஸல்ஸின் யூரோக்ளியர் என்ற பத்திரக் காப்பக நிறுவனத்தில், அசலைத் தொட்டால் யூரோவின் மீதுள்ள நம்பிக்கை போய்விடும் என்று ஐரோப்பா அஞ்சியது. அசலை விட்டுவிட்டு, அதில் கிடைத்த வருமானத்தைக் கொண்டே 2024இல் உக்ரைனுக்கு 5,000 கோடி டாலர் கடனுக்கு வழி செய்தார்கள். படையெடுத்த வல்லரசின் சொத்துக்குக் காட்டிய இந்தச் சட்டத் தயக்கத்தை, உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்றின் சொத்துக்கு ஏன் காட்டவில்லை?

இந்த முடக்கங்களால் டாலரின் காலம் முடிந்தது என்று இங்கே பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எண்ணெய் விற்று இந்திய வங்கிகளில் சேர்த்த ரூபாயைச் செலவழிக்க வழியில்லை என்று ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் 2023இல் கோவாவிலேயே சொன்னார். நினைத்தபோது மாற்றவும், நினைத்ததை வாங்கவும் முடியாத நாணயத்தை யாரும் கையிருப்பாகச் சேர்க்க மாட்டார்கள். எனவே மைய வங்கிகள் வேறு நாணயத்துக்குத் தாவவில்லை. தங்கத்தை வாங்கின, 2022 முதல் 2024 வரை ஆண்டுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல். நம் ரிசர்வ் வங்கியும் 2023-24 நிதியாண்டில் லண்டனில் வைத்திருந்த தங்கத்தில் சுமார் 100 டன்னை நாட்டுக்குக் கொண்டுவந்தது.

தங்கம் வாங்க வசதியுள்ள நாடுகள் தப்பித்துக்கொள்ளும். மற்ற நாடுகளுக்காகக் குறைந்தபட்சம் ஒரு விதி வேண்டும்: ஆட்சியைத் தண்டிக்கக் கையிருப்பை முடக்கும் எந்த நாடும், அதில் வணிக வங்கி வாடிக்கையாளர்களின் பங்கைக் கணக்கிட்டு, ஆட்சியாளர்கள் கை வைக்க முடியாத வழியில் அவர்களுக்கு முதலில் விடுவிக்க வேண்டும்.